கோபத்துக்கு ஐந்து மதிப்பெண்

கோபத்துக்கு விலை உண்டு. 2017இல் ஃபேஸ்புக் அதை நிர்ணயம் செய்தது. ஒரு பதிவுக்கு நீங்கள் லைக் போட்டால் ஒரு மதிப்பெண். சிவந்த முகத்தோடு முறைக்கும் அந்தக் கோபப் பொம்மையைத் தட்டினால் ஐந்து. சிரிப்பு, அழுகை, வியப்பு, அன்பு எல்லாவற்றுக்கும் அதே ஐந்துதான். ஆனால் இவற்றில் எது சீக்கிரம் விளையும், எது மகசூல் அதிகம் தரும் என்பது நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதிக மதிப்பெண் வாங்கிய பதிவு அதிகம் பேர் கண்ணில் படும். கண்ணில் பட்டால் இன்னும் கோபம் வரும். இன்னும் மதிப்பெண் விழும்.

கோபம் சம்பாதிக்கும் பதிவுகளில் பொய்யும் வன்மமும் அளவுக்கு மீறி இருப்பதை 2019இல் அந்த நிறுவனத்தின் சொந்த ஆய்வாளர்களே கணக்கெடுத்துச் சொன்னார்கள். மேலிடம் யோசித்தது. நன்றாக யோசித்தது. 2020 செப்டம்பரில்தான் கோபத்தின் மதிப்பெண்ணைப் பூஜ்யமாக்கியது. பிறகு என்ன ஆயிற்று? பொய் குறைந்தது. கொடூரக் காட்சிகள் குறைந்தன. மக்கள் ஃபேஸ்புக்கில் புழங்குவது மட்டும் குறையவே இல்லை. அதாவது, மூன்று வருடம் ஊரைக் கொளுத்தியதில் கல்லாவுக்குக்கூடப் பெரிய லாபமில்லை. சும்மா கொளுத்தியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அவர்கள் வாய் திறந்து சொன்னார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2021இல் பிரான்சிஸ் ஹாகன் என்ற பெண்மணி வேலையை விட்டுவிட்டு, உள் ஆவணங்களை மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு, தன் உடம்பைப் பற்றிய தாழ்வு மனப்பான்மையை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று அதே நிறுவனம் தன் ஊழியர்களுக்குப் படம் போட்டு விளக்கியிருந்ததும் அந்த மூட்டையில்தான் இருந்தது.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். பழைய கூத்தாடி பாவம், ஊர் ரெண்டுபடும்வரை காத்திருந்தான். புதுக் கூத்தாடிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

மியான்மரைப் பாருங்கள். அங்கே இன்டர்நெட் என்றாலே ஃபேஸ்புக்தான். ரோஹிங்கியா முஸ்லிம்களை நாய் என்றும் புழு என்றும் எழுதிய பதிவுகள் வருடக்கணக்கில் ஓடின. 2015 தொடக்கத்தில், பர்மிய மொழி தெரிந்து அந்தப் பதிவுகளைச் சோதிக்க நிறுவனத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டு பேர். எழுத்துப் பிழை இல்லை. இரண்டு. 2017 ஆகஸ்டில் ராணுவம் இறங்கியது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வங்கதேசத்துக்கு ஓடினார்கள். 2018 நவம்பரில் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. வன்முறையைத் தூண்டத் தங்கள் மேடை பயன்படுவதைத் தடுக்கப் போதிய அளவு செயல்படவில்லையாம். மதிப்பெண் போடுகிற இயந்திரத்துக்குப் பர்மிய மொழி தெரிய வேண்டியதில்லை. அது மட்டும் போதிய அளவு செயல்பட்டது.

இலங்கையில் 2018 பிப்ரவரி. அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டில் ஏதோ கட்டி இருக்கிறது, அது சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரை என்று ஒருவர் கூச்சல் போட்டார். கடைக்காரர் தமிழ் பேசுகிறவர். சுற்றி நின்று கத்தியவர்களின் சிங்களம் சரியாகப் புரியாமல் ஏதோ சொல்லிவைத்தார். அதையே ஒப்புதல் வாக்குமூலம் என்று வீடியோவாக ஃபேஸ்புக்கில் ஏற்றினார்கள். கடையை நொறுக்கினார்கள். பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அரசுப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தார். மாவுக் கட்டி. வெறும் மாவு. அந்த அறிக்கைக்கு யார் ஐந்து மதிப்பெண் போடுவார்கள்? மார்ச்சில் கண்டிப் பக்கம் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அரசாங்கம் ஃபேஸ்புக்கையே முடக்க வேண்டியதாயிற்று. நிறுவனத்தின் மன்னிப்பு 2020 மே மாதம் வந்து சேர்ந்தது. சாம்பல் ஆறி, மழை பெய்து, புல் முளைத்த பிறகு.

அயல்நாட்டுக் கதை என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது. அதே 2018இல் மே மாதம், தமிழ்நாட்டில் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று, ஃபேஸ்புக்குக்குச் சொந்தமான வாட்ஸ்அப் அலறியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் வண்டியை நிறுத்தியது. உள்ளே இருந்த வயதான அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அடித்தே கொன்றார்கள். குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது இந்த மண்ணில் ஒரு காலத்தில் பாட்டிகளின் அடையாளமாக இருந்தது. ஒரு வாட்ஸ்அப் வதந்தி அதைக் கொலைக்குற்றமாக்கிவிட்டது. அந்த ஜூலை மாதமே மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் இதே வதந்திக்கு ஐந்து பேர் பலியானார்கள்.

வாட்ஸ்அப் நிறுவனம் பதறிப்போய் ஒரு காரியம் செய்தது. செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. பார்த்ததை எல்லாம் நம்பாதீர்கள், சரிபார்த்துப் பகிருங்கள் என்று அறிவுரை. செய்தித்தாள் படிக்கிற பழக்கத்தைக் குழிதோண்டிப் புதைத்தவர்கள், ஆபத்து என்றதும் அடைக்கலம் தேடியது செய்தித்தாளில்தான்! இன்னொன்றும் செய்தார்கள். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். மறுபடியும் ஐந்து. ராசியான எண் போலும்.

2019இல் ஓர் ஆடியோ துணுக்கு, பெயர் தெரியாத யாரோ பேசியது, பொன்னமராவதியில் கலவரமாக வெடித்து 144 தடை உத்தரவில் போய் முடிந்தது. 2023இல் வேறெங்கோ நடந்த வெட்டுக்குத்துகளை வெட்டி ஒட்டி, தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வடக்கே பரப்பினார்கள். திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். போலீஸ் அதிகாரிகள் குற்றவாளிகளைத் தேடுவதை விட்டுவிட்டு, நடக்காத கொலை நடக்கவில்லை என்று இந்தியில் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

2024இல் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கைக்குழந்தை ஒன்று தவறி விழுந்து கூரை விளிம்பில் தங்கியது. அக்கம்பக்கத்தார் தங்கள் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார்கள். நல்ல செய்தி. அங்கேயே முடிந்திருக்க வேண்டும். வீடியோ வைரலானது. முகம் தெரியாத ஆயிரம் பேர் பெற்றவளுக்குத் தாய்மைப் பாடம் எடுத்தார்கள். தங்கள் பிள்ளைகளைப் பக்கத்து அறையில் போனோடு உட்காரவைத்துவிட்டு எடுத்த பாடங்கள் அவை. சில வாரங்களில் அந்தப் பெண் உயிரோடு இல்லை. பாடம் எடுத்தவர்கள் ‘ஆழ்ந்த இரங்கல்’ போட்டார்கள். அதற்கும் லைக் விழுந்தது.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதில் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க்கை மிஞ்ச ஆளில்லை. 8 கோடியே 70 லட்சம் ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று 2018இல் தெரியவந்தது. அந்த ஏப்ரலில் கோட்டும் டையுமாக அமெரிக்க செனட்டில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். காசே வாங்காமல் எப்படித் தொழில் நடத்துகிறீர்கள் என்று ஒரு முதிய செனட்டர் கேட்டார். விளம்பரம் போடுகிறோம் என்றார் சக்கர்பெர்க், இதழோரத்தில் சிரிப்போடு. 2019இல் 500 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள். கேட்க மலைப்பாக இருக்கும். அவர்களுடைய ஒரு மாத வருமானம்கூட இல்லை அது. அபராதச் செய்தி கசிந்த அன்று பங்கு விலை ஏறியது. தண்டனை கிடைத்த மகிழ்ச்சியில் பணக்காரர் ஆனவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். 2021இல் நிறுவனத்தின் பெயரை மெட்டா என்று மாற்றினார். 2024 ஜனவரியில் அதே செனட்டில், சமூக ஊடகத்துக்குப் பறிகொடுத்த பிள்ளைகளின் படங்களை ஏந்தி நின்ற பெற்றோரைத் திரும்பிப் பார்த்து எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தார். 2025 ஜனவரியில், அமெரிக்காவில் உண்மை சரிபார்க்கும் ஏற்பாட்டுக்கு முழுக்குப் போடுவதாக அறிவித்தார். வருத்தத்தின் ஆயுள் ஒரு வருடம்.

இதைவிடச் சிறப்பான கதை 2025 நவம்பரில் வந்தது. மெட்டாவின் உள் ஆவணங்களை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. 2024 வருவாயில் சுமார் 10 சதவீதம், அதாவது ஏறக்குறைய 1,600 கோடி டாலர், மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று அவர்களே மதிப்பிட்டு வைத்திருந்தார்கள். அது தோராயக் கணக்கு, மிகைப்பட்டது என்று நிறுவனம் மறுத்தது. சரி, கணக்கை விடுங்கள். விதியைப் பாருங்கள். விளம்பரம் தருபவன் மோசடிக்காரன் என்பது 95 சதவீதம் உறுதியானால்தான் வெளியேற்றுவார்கள். 94 சதவீதம் திருடன் என்றால்? விளம்பரக் கட்டணத்தைக் கூட்டி வாங்கிக்கொள்வார்கள். இதைத் தண்டனை என்று எழுதி வைத்திருந்தார்கள். இங்கே ஏட்டையா வாங்கினால் மாமூல். அங்கே வாங்கினால் நிறுவனக் கொள்கை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், தொலைக்காட்சியில் பார்த்த பிரபலம் சிபாரிசு செய்வதுபோல் வந்த போலி விளம்பரத்தை நம்பி சேமிப்பை இழக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இழந்த பணத்தில் ஒரு பங்கு கலிஃபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கூடுதல் கட்டணத்தோடு.

சரி, நம்மைக் காப்பாற்ற அரசியல்வாதிகள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். சமூக ஊடகம் இளைஞர்களைச் சீரழிக்கிறது என்று மேடையில் முழங்குகிறார்கள். அந்த முழக்கத்தை 30 விநாடி ரீல்ஸாக வெட்டி, பின்னணியில் ‘மாஸ்’ இசை சேர்த்து ஏற்ற மேடைக்குப் பக்கத்திலேயே ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கொள்கை இல்லாத கட்சி இருக்கலாம், ஐ.டி. விங் இல்லாத கட்சி தமிழ்நாட்டில் கிடையாது. இவர்கள் அவர்களை 200 ரூபாய் என்கிறார்கள். அவர்கள் இவர்களை 2 ரூபாய் என்கிறார்கள். பொய்க்குக் கூலி உண்டு என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை. தொகையில்தான் தகராறு. எதிர்க்கட்சிப் பெண் தலைவரை ஆபாசமாக எழுதினால் அது ‘தொண்டரின் உணர்ச்சி வேகம்’. தங்கள் தலைவரைப் பற்றி ஒருவர் கார்ட்டூன் பகிர்ந்தால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டிக் கைது. ஆட்சி மாறும். தட்டுகிற நேரம் மாறாது.

அரசாங்கங்கள் இன்னும் ஒரு படி மேலே. வதந்தி பரவுகிறதா? இன்டர்நெட்டையே நிறுத்து. 2023இல் மட்டும் இந்தியாவில் 116 முறை இணையம் முடக்கப்பட்டதாக அக்சஸ் நௌ அமைப்பு கணக்கிட்டது. தொடர்ந்து ஆறாவது ஆண்டாக உலகத்தில் முதலிடம். மூட வேண்டிய கடை ஒன்று, மூடுவது ஊரை. மாணவன் விண்ணப்பம் போட முடியாது, வியாபாரி பணம் வாங்க முடியாது, நோயாளி டாக்டரைப் பிடிக்க முடியாது. வதந்தியைக் கிளப்பியவன் மட்டும் பக்கத்து மாவட்டத்துக்குப் போய் அடுத்த வீடியோவை ஏற்றிக்கொண்டிருப்பான்.

குழந்தைகளைப் பின்தொடர்ந்து வேவு பார்த்து விளம்பரம் காட்டக்கூடாது என்று ஒரு நல்ல வரி, 2023 ஆகஸ்டில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. சட்டத்துக்கு விதி எழுத இரண்டேகால் வருடம் எடுத்துக்கொண்டார்கள். 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து இன்னும் 18 மாதம் அவகாசம். சட்டம் நிறைவேறியபோது எட்டு வயதாக இருந்த பிள்ளை, அது காப்பாற்ற வரும்போது பன்னிரண்டைத் தொட்டிருக்கும். ஒரு டிஜிட்டல் வல்லரசின் வேகம் இது.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று நிறுத்திவிட்டது. மீறினால் நிறுவனத்துக்குத்தான் அபராதம், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. அது பலிக்குமா என்பது போகப் போகத் தெரியும். இங்கேயும் அப்படி வேண்டும் என்று குரல்கள் எழுகின்றன. எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நம் ஊர் நிலவரத்தைப் பார்த்தால் தடை தேவைப்படுவது 16க்குக் கீழே அல்ல, 60க்கு மேலே. தேசிய கீதத்துக்கு யுனெஸ்கோ விருது கொடுத்ததாகக் குடும்ப குரூப்பில் போடுவது பேரன் இல்லை. பப்பாளி இலைச் சாற்றில் புற்றுநோயை ஓட்டுவதும், பக்கத்து வீட்டுக்காரனின் மதத்தை நாட்டுக்கு ஆபத்து என்று காலை வணக்கத்தோடு அனுப்புவதும் பேரன் இல்லை. தாத்தா. சமாளிக்க முடியாமல் குரூப்பை மியூட் செய்துவிட்டுப் பேரன் வேறு நரகத்துக்குப் போய்விட்டான்.

பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டும் வழியும் அழகுதான். பள்ளிக்கூடம் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்காதீர்கள் என்று கண்டிக்கும். கூட்டத்தின் படத்தை அன்று மாலையே இன்ஸ்டாகிராமில் போடும். நடிகர் ஒருவர் இறந்தால் இழவு வீட்டு வாசலில் நாற்பது யூடியூப் சேனல்கள். அழுகிறவரின் மூக்குக்கு நேரே மைக்கை நீட்டி, அவரோடு உங்களுக்கு மறக்க முடியாத அனுபவம் எது என்று கேட்கிறார்கள். பிணத்தின் காலடியில் ஒருவர் செல்ஃபி எடுக்கிறார். அதைக் கண்டித்து இன்னொருவர் வீடியோ போடுகிறார். கண்டன வீடியோவுக்குத்தான் வியூஸ் அதிகம்.

இத்தனைக்கும் சரக்கைத் தயாரித்தவர்கள் அதைத் தொடுவதில்லை. ஃபேஸ்புக்கில் பயனர்களைப் பெருக்கும் பிரிவுக்கே தலைமை வகித்தவர் சமத் பலிஹபிட்டிய. இலங்கையில் பிறந்தவர். சமூகம் இயங்கும் முறையையே நாசமாக்கும் கருவிகளை உருவாக்கிவிட்டோம் என்று 2017இல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் முன்னால் வருந்தினார். தன் பிள்ளைகளுக்கு அதைத் தொட அனுமதி இல்லை என்றும் சொன்னார். அவர் பிள்ளைகள் தப்பித்தார்கள். வாழ்த்துகள்.

மாற்று இல்லையா என்கிறீர்களா? மாற்று என்ற பேரில் நமக்குக் காட்டப்பட்டதைப் பார்த்துவிடுவோம்.

‘கூ’ என்ற உள்நாட்டுச் செயலி ஞாபகம் இருக்கிறதா? ட்விட்டரோடு மத்திய அரசுக்குத் தகராறு வந்த 2021இல் அமைச்சர்கள் வரிசையாக அந்த மஞ்சள் குருவியின் கூட்டுக்குள் போனார்கள். தேசபக்தி பறந்தது. 2024 ஜூலையில் கூட்டை மூடினார்கள். அமைச்சர்கள் எப்போது வெளியே வந்தார்கள் என்று கேட்காதீர்கள். அவர்கள் ட்விட்டரை விட்டுப் போகவே இல்லை. ஈலோன் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு அதை வாங்கி, எக்ஸ் என்று பெயர் மாற்றி, நம்பகத்தன்மைக்கு அடையாளமாக இருந்த நீல டிக்கை மாதம் எட்டு டாலருக்குக் கூறு கட்டி விற்ற பிறகும் போகவில்லை.

2025 செப்டம்பரில் ஸோஹோ நிறுவனத்தின் அரட்டை செயலிக்கு யோகம் அடித்தது. சுதேசி என்றார்கள். மத்திய அமைச்சர்கள் சிபாரிசு செய்தார்கள். ஒரு நாளைக்கு மூவாயிரம் பேர் சேர்ந்த இடத்தில் மூன்றரை லட்சம் பேர் சேர்ந்ததாக ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். செயலிக் கடைகளில் முதலிடம். எழுத்துச் செய்திகளுக்கு முழு மறையாக்கம் அப்போது இல்லை. சில வாரங்களில் பட்டியலில் சரிந்தது. செயலியின் குற்றமல்ல. சேர்ந்தவர்கள் உள்ளே போய்ப் பார்த்தார்கள். அத்தை இல்லை, அலுவலக குரூப் இல்லை, பால்காரர் இல்லை. மறுபடி வாட்ஸ்அப்புக்கே வந்து, நான் அரட்டையில் இருக்கிறேன் என்று ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

சிக்னலுக்கும் அதே கதிதான். வாட்ஸ்அப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன், அதை 1,900 கோடி டாலருக்கு ஃபேஸ்புக்கிடம் விற்றுவிட்டு, பிறகு மனம் நொந்து வெளியேறி, 5 கோடி டாலரைக் கொட்டி வளர்த்தது. விளம்பரம் இல்லை, வேவு இல்லை, லாப நோக்கமில்லாத அறக்கட்டளை. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் புதிய கொள்கைக்குப் பயந்து கூட்டம் கூட்டமாகப் போனோம். போய் ஹலோ சொன்னோம். எதிரொலிகூட வரவில்லை, திரும்பிவிட்டோம். மாஸ்டடான் 2016 முதல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சொந்தமாகச் சர்வர் வைத்துக்கொள்ளலாம். எழுதிய நேர வரிசைப்படி பதிவுகள் வரும். கோபத்துக்கு மதிப்பெண் கிடையாது. அதனால்தானோ என்னவோ, 2019இல் ட்விட்டரோடு கோபித்துக்கொண்டு அங்கே குடியேறிய இந்தியர்களில் பெரும்பாலோர் சீக்கிரமே ஊர் திரும்பினார்கள். சண்டை இல்லாத இடத்தில் என்ன பொழுதுபோகும்?

சிக்கல் செயலியில் இல்லை. வேலியில் இருக்கிறது. ஜிபேயிலிருந்து ஃபோன்பேக்குப் பணம் போகிறது. எந்த வங்கி, எந்தச் செயலி என்று யாரும் கேட்பதில்லை. பத்து ரூபாய் டீக்கு யுபிஐயில் அனுப்பிவிட்டு நடையைக் கட்டுகிறோம். ஆனால் வாட்ஸ்அப்பிலிருந்து அரட்டைக்கு ஒரு வணக்கம் போகாது. பணத்தைவிட வணக்கத்தை அனுப்புவது தொழில்நுட்ப ரீதியில் கடினமா? இல்லவே இல்லை. அனுப்ப முடிந்தால் நாம் வெளியேறிவிடுவோம், அவ்வளவுதான். வேம்புவே இதைச் சொன்னார்: செய்திச் செயலிகள் யுபிஐ போல, மின்னஞ்சல் போல ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று. யுபிஐ பற்றி உலகத்துக்கே பாடம் எடுக்கிற அரசாங்கம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் காது கேளாததுபோல் இருக்கிறது. ஐரோப்பாவில் சட்டம் போட்டுவிட்டார்கள். பிற செயலிகள் கேட்டால் வாட்ஸ்அப் கதவைத் திறந்தாக வேண்டும். நம் நடத்தையை மோப்பம் பிடித்துப் பொறுக்கிப்போடாத ஃபீடைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் 2023 முதல் அங்கே சட்டப்படி உண்டு. அதே நிறுவனம்தான், அதே செயலிதான். பாரிஸில் கொடுப்பதைப் பரமக்குடியில் கொடுக்க மாட்டார்கள். கேட்க ஆளில்லை.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு சமூக ஊடகம் இருந்தது. டீக்கடை பெஞ்சு. ஒரு தினத்தந்தி, எட்டு வாசகர்கள், பதினாறு கருத்துகள். ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்று பலகை தொங்கும், அதன் கீழேயே அரசியல் நடக்கும். புளுகினால் அண்டப்புளுகன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். எல்லை மீறினால் கடைக்காரர் பாய்லர் பக்கத்திலிருந்து ஒரு பார்வை பார்ப்பார். பேச்சு அடங்கும். சண்டை வளர்ந்தால் அவருக்குத்தான் நஷ்டம், கிளாஸ் உடையும். கலிஃபோர்னியாக் கடைக்காரருக்கு கிளாஸ் உடைந்தால்தான் வியாபாரம். அந்தப் பெஞ்சு சொர்க்கமாக இருந்தது என்று நான் கதை விடமாட்டேன். அங்கே பெண்கள் உட்கார முடியவில்லை. இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்களில் பலர் உள்ளேயே நுழைய முடியவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் முதன்முதலாக வாய் திறந்து பேசியது ஃபேஸ்புக்கில்தான். அதனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மலையேறிவிடுங்கள் என்று உபதேசம் செய்கிற கனவான்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேசக் கிடைத்த ஒரே இடத்தையும் விட்டுவிடச் சொல்வது, ஏற்கெனவே பேச இடம் உள்ளவர்களுக்குச் சுலபம்.

வேறு இடம் கேட்டால் இல்லை என்பார்கள். இருக்கிறது. காசும் கொடுத்துவிட்டோம். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக நம்மிடம் வசூலிக்கிறார்கள். வசூலித்த உள்ளாட்சிகள் அதை நூலகத் துறைக்குக் கொடுக்காமல் பாக்கி வைப்பது பழைய கதை. 2010இல் சென்னையில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, மறு வருடமே ஆட்சி மாறியதும் மருத்துவமனையாக்கப் போகிறோம் என்றார்கள். நீதிமன்றம் தடுக்க வேண்டியிருந்தது. பெருநகரங்களை விடுங்கள். சிற்றூர்க் கிளை நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். பள்ளி விட்டுப் பிள்ளை வரும் நேரத்தில் பூட்டு தொங்கும். விளையாட்டுத் திடலில் அரசு விழாவுக்குப் பந்தல் போட்டிருப்பார்கள். பூங்காவில் இருட்டியதும் விளக்கு எரியாது. பிறகு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் எந்நேரமும் போனே கதி என்று கிடக்கிறார்கள் என்று அதே பந்தலில் அமைச்சர் கவலைப்படுவார். அந்தப் பிள்ளை வேறு எங்கே போகும் ஐயா? திறந்திருப்பது அது ஒன்றுதான். இருபத்து நாலு மணி நேரமும், இலவசமாக.

ஆகவே அடுத்த முறை வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் பட்டா, குடிநீர், சாலையோடு இவற்றையும் கேளுங்கள். உங்கள் ஐ.டி. விங்குக்கு மாதம் எவ்வளவு செலவு, அந்தப் பணம் யாருடையது? எங்கள் தெரு நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்குமா? யுபிஐக்கு வைத்த விதியை வாட்ஸ்அப்புக்கும் வையுங்கள் என்று டெல்லியில் எழுந்து நின்று கேட்பீர்களா? எங்கள் பிள்ளைகளை வேவு பார்க்கிறவனுக்கு ஏன் இன்னும் அவகாசம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அவர் கும்பிட்டுக்கொண்டே ஏதோ சொல்ல ஆரம்பிப்பார். கூட வந்த பையன் உடனே போனைத் தூக்கிப் பிடிப்பான். முதலில் அதைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். பிறகு பதில் வாங்குங்கள்.